தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தீர்வு அன்று

"பழைய டிராக்டர் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், நம் வெயிலுக்கு அது தேவையில்லை" என்று நண்பர் ஒருவர் கூறியிருப்பது பரவலான நம்பிக்கைதான் என்றாலும், அதைப் பின்பற்றினால் எஞ்சினின் ஆயுள் குறையும் என்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது, எஞ்சின் போதிய அளவு சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடும் வால்வு.

டீசல் எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்கு மேல் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால், குறிப்பாகக் குறைந்த சுமையில் ஓடும்போது, அந்த வெப்பநிலையை அது எட்டுவதே இல்லை. முழுமையாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்வதால், லைனரும் (சிலிண்டரின் உட்குழல்) பிஸ்டன் ரிங்கும் விரைவில் தேய்கின்றன. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான், ரேடியேட்டரைத் தவிர்த்து நீரை எஞ்சினுக்கே திருப்பும் பைபாஸ் வழியையும் சூடானபின் அடைக்கிறது. அவற்றில் அதை நீக்கினால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றிவந்து, சூடு இன்னும் கூடும்.

சூட்டின் உண்மையான காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் இடுக்குகளில் படிந்த வைக்கோல் தூசியையும் ஃபேன் பெல்ட்டின் தளர்வையும் முதலில் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் போர்வெல் உப்புநீரையே ஊற்றிய எஞ்சின்களில் நீர்ப்பாதை முழுவதும் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். தெர்மோஸ்டாட் மீதே ஐயம் இருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு அதைக் கழற்றி, பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிப்பதற்குள் வால்வு நன்றாகத் திறக்காவிட்டால், அதே வெப்பநிலை குறிக்கப்பட்ட புதியதைப் பொருத்துங்கள்.