இரண்டு கொடிகளுக்கும் வெளியே நின்றவர்

இந்தியக் கால்பந்து ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த பி.கே. பானர்ஜியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ‘வோக்கல் டானிக்’ என்ற இரண்டு சொற்கள் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆட்டத்துக்கு முன்பு உடை மாற்றும் அறையில் அவர் பேசும் பேச்சு வீரர்களுக்கு மருந்துபோல வேலை செய்தது என்பதால் கொல்கத்தா மைதானம் அன்போடு சூட்டிய பெயர் அது. அன்போடு சூட்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரால் அவருக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் நேர்ந்தது என்பது என் எண்ணம். பேசியே ஜெயித்தவர் என்று ஒரு மனிதரைப் பற்றி ஊரே முடிவு கட்டிவிட்டால், அவர் எதைப் படித்தார், யாரிடம் படித்தார், களத்தில் எதை மாற்றினார் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அவருடைய ஆட்டக்காலத்திலிருந்தே தொடங்குகிறேன். 1936இல் வங்காளத்தின் ஜல்பைகுரிப் பகுதியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, 1954இல் கொல்கத்தாவின் ஆரியன் கிளப்புக்கு வந்த பி.கே., அடுத்த ஆண்டே ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்குப் போனார். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை வேறு எங்கும் போகவில்லை. கால்பந்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில், மாதச் சம்பளம் தரும் ரயில்வே வேலை கொல்கத்தாவின் இரு பெரும் போட்டி அணிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகியவற்றின் சட்டையைவிடப் பெரியதாக இருந்ததில் வியப்பில்லை. இந்தியாவின் தலைசிறந்த வலது ஓர ஆட்டக்காரர் அவ்விரண்டு கிளப்புகளுக்கும் ஒருநாள்கூட ஆடவில்லை என்பதை இன்றைய ரசிகர்களிடம் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். அதே ரயில்வே அணி 1958இல் நகரத்தின் உள்ளூர்ப் போட்டியான கல்கத்தா லீகை வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று அணிகளைத் தாண்டி அந்தக் கோப்பை மீண்டும் ஒரு வெளி அணியிடம் போக 2019 வரை, அதாவது 61 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

நாட்டுக்காக அவர் ஆடியது பலருக்கும் தெரிந்த கதை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960 ரோமில் அணித் தலைவராக இருந்து, பிரான்ஸுக்கு எதிரான 1–1 ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். எனக்கு இவற்றில் ஜகார்த்தாதான் முக்கியம். அங்கே அவர் பெற்றது பதக்கம் மட்டுமில்லை. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து தேசியப் பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீம், தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை, தடுப்பு ஆட்டக்காரரான அவரை, அரையிறுதியிலும் இறுதியிலும் முன்களத்தில் நிறுத்தினார். அரசியல் காரணங்களால் மைதானம் முழுவதும் இந்திய அணியை வெறுத்துக் கூச்சலிட்டுக் கொண்டிருந்த சூழலில் தென் கொரியாவுக்கு எதிராக முதல் கோலை பி.கே. அடித்தார், இரண்டாவதை அதே ஜர்னைல் அடித்தார், 2–1. ஓர் ஆட்டக்காரரின் மனநிலையைத் தூக்கி நிறுத்துவதும், அவர் நிற்கும் இடத்தை மாற்றிப் போடுவதும் ஒரே கையால் செய்யக்கூடிய காரியங்கள் என்பதை அந்த ஒரு வாரத்தில் பி.கே. பக்கத்திலிருந்து பார்த்தார். அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயால் இறந்துபோனார்.

1967இல் ஆட்டத்தை விட்ட பி.கே., 1969இல் ஜப்பானில் ஜெர்மானியரான டெட்மார் கிரேமர் நடத்திய ஃபிஃபா பயிற்சி வகுப்பில் சேர்ந்து படித்தார். ‘டானிக்’ கதை சொல்பவர்கள் வசதியாகத் தாண்டிப் போகும் இடம் இது. ஒலிம்பிக் அணியின் தலைவராக இருந்தவர், ஆசியத் தங்கம் வென்றவர், மாணவனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் பயிற்சியாளராகத் தோற்பதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தாங்கள் இயல்பாகச் செய்ததை இன்னொருவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாததுதான் காரணம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்ற புத்தி பி.கே.வுக்கு இருந்தது.

1972இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அந்த ஆண்டு லீகை அந்த அணி ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. 1975 வரை லீக் கோப்பை அங்கேயே இருந்தது. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5–0 என்று நொறுக்கியது. அதைப்போல ஒரு தோல்வியைத் தந்தவரை எதிரணி என்ன செய்யும்? மோகன் பகான் அடுத்த ஆண்டே அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது! கொல்கத்தாவில் எந்தக் கிளப்பின் கொடியைப் பிடிப்பது என்பது ஒருவரின் பூர்வீகம், மொழிவழக்கு, வீட்டுச் சமையல் வரைக்கும் போகும் விஷயம். அதற்கு நடுவில் இவர் மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக முடிந்ததற்கு ஒரு காரணம், ஆட்டக்காரராக அவர் எந்தக் கரையிலும் நின்றதில்லை என்பதே. ரயில்வே வேலைக்காக அன்று விட்டுக்கொடுத்தது, பிற்பாடு இரண்டு வாசல்களையும் அவருக்குத் திறந்து வைத்தது. 1977இல் ஈடன் கார்டன்ஸில் பெலே இருந்த நியூயார்க்கின் காஸ்மாஸ் அணியோடு அவருடைய மோகன் பகான் 2–2 என்று ஆட்டத்தை முடித்தது. அதே பருவத்தில் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்று கோப்பைகளையும் வென்றது. 1975இல் மோகன் பகானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்த ஷியாம் தாபா, இப்போது மோகன் பகானுக்காக அடித்துக்கொண்டிருந்தார்.

இனி, எல்லாரும் எடுத்துக்காட்டும் அந்த 1997 ஜூலை 13. பி.கே.வின் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய பெடரேஷன் கோப்பை அரையிறுதி, கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம், உள்ளே 1,30,000க்கும் மேற்பட்டோர். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. அவரும் முன்னாள் ஆட்டக்காரர்தான். வீரர்களை வைர வடிவில் நிறுத்தும், அவர் கொண்டுவந்த ‘டயமண்ட்’ ஆட்டமுறை காலிறுதியில் சர்ச்சில் பிரதர்ஸை 6–0 என்று அடித்திருந்தது. ஆட்டத்துக்கு முன்பு ஈஸ்ட் பெங்கால் வீரர்களைப் பெயர் வைத்துக் கேலி செய்தார் தத்தா; பாய்ச்சுங் பூட்டியா அந்தக் கேலியில் ‘சுங் சுங்’ ஆனார். 61 வயது பி.கே. வெளியே பதில் சொல்லாமல், அந்தக் கேலியை எடுத்துப்போய்த் தன் வீரர்களின் முன்னால் வைத்தார். நஜிமுல் ஹக் முதல் கோலை அடித்தார், மோகன் பகானின் சீமா ஒக்கேரி ஒன்றைத் திருப்பியடித்தும் பயனில்லை, பூட்டியா மூன்று அடித்தார், 4–1. இதைச் சொல்லிவிட்டு ‘பார், டானிக்’ என்பார்கள். எனக்குப் படுவது வேறு. டயமண்ட் முறையில் ஆட்கள் ஏறிப்போகும்போது அவர்களுக்குப் பின்னால் வெற்றிடம் திறக்கும். பூட்டியா போன்ற வேகமான ஓர் ஆட்டக்காரருக்கு வேண்டியது அந்த வெற்றிடம் மட்டும்தான். கோபத்தை மூட்டியது பேச்சு என்றால், அந்தக் கோபம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டியது பேச்சு இல்லை.

பி.கே.வைக் குறையே இல்லாதவராக்குவது என் நோக்கமன்று. அந்தப் புகழ்பெற்ற அரையிறுதிக்குப் பிறகு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கோவாவின் சல்கோகர் அணியிடம் 1–2 என்று தோற்றது. அதை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அவருடைய இந்திய அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0–1 என்று தோற்று வெளியேறியது. உடன்பிறந்த பகைபோன்ற ஓர் எதிரணி இருக்கும்போது வேலை செய்யும் பேச்சு, பெயரே கேள்விப்படாத எதிரணிக்கு முன்னால் அவ்வளவாக வேலை செய்வதில்லை. ஆசியாவின் மற்ற நாடுகள் உடற்பயிற்சியிலும் இளைஞர் அணிகளிலும் பணத்தைக் கொட்டி முன்னேறிய ஆண்டுகள் அவை. அந்த இடைவெளியை ஒரு தனிமனிதர் நிரப்பியிருக்க முடியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 1990களில் ஜாம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாடமிக்குப் போய்ச் சிறுவர்களை உருவாக்கும் வேலையில் அவர் இறங்கியதற்கு 1982இன் தோல்வியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

2020 மார்ச் 20 அன்று அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை மீண்டும் டானிக்கிலேயே போய் நின்றன. இதை இப்போது எழுதக் காரணம், 2025 ஆகஸ்டில் 13 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியர் ஒருவர், காலித் ஜமீல், தேசிய அணியின் பயிற்சியாளரானபோது ‘இவர் பேசவே மாட்டாரே, வீரர்களை எப்படி எழுப்புவார்’ என்று சிலர் கவலைப்பட்டதுதான். ஜமீல் வாய் திறப்பது அரிது என்பது உண்மை. மிசோரமின் ஐசால் என்ற சிறிய அணியை 2017இல், மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் எடுத்து, தேசிய அளவிலான ஐ-லீக் வெல்ல வைத்தவரும் அவரே. ஆட்டக்காரராக மஹிந்திரா, ஏர் இந்தியா, மும்பை எஃப்.சி. என்று ஆடிய அவர், பி.கே.வைப் போலவே அந்த இரண்டு கொல்கத்தா அணிகளின் சட்டையையும் போட்டதில்லை. பின்னால் இரண்டுக்கும் பயிற்சியாளராக இருந்தார், இரண்டிலும் நெடுநாள் நீடிக்கவில்லை.