1921-க்கும் 1989-க்கும் நடுவில்

ஃபிரிட்ஸ் போலார்ட் பற்றி எழுதுகிறவர்கள் 'என்.எஃப்.எல்.-இன் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்' என்று பெருமையாக ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தகவல் சரிதான். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. 1921-இல் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரின் ப்ரோஸ் அணியில் ஆடிக்கொண்டே எல்ஜி டோபினோடு சேர்ந்து பயிற்சியாளராகவும் இருந்தார். அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் வந்தது 1989-இல். நடுவில் 68 வருஷம்! இதில் அந்த லீக் பெருமைப்பட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஆட்டத்தில் குறை சொல்ல முடியுமா? 1894-இல் சிகாகோவில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எடை 75 கிலோ சொச்சம். அமெரிக்கக் கால்பந்துக்கு அது சின்ன உடம்பு. பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக 1916-இல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் ஆடினார். அதில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். லீக் தொடங்கிய 1920-இலேயே ஏக்ரன் சாம்பியன். 8 வெற்றி, 3 சமன், தோல்வியே கிடையாது. அந்த அணியின் ஓட்டமே போலார்ட்தான்.

அந்த வருஷங்களில் அவர் பட்டதை நினைத்தால் மனசு ஆறவில்லை. கூட்டத்தின் வசவுக்குத் தப்ப, அணி உரிமையாளரின் சுருட்டுக்கடையில் உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் மைதானத்துக்கு வருவாராம். கீழே தள்ளியதும் எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து நசுக்கப் பார்ப்பார்கள். அதனால் விழுந்த வேகத்தில் மல்லாந்து, சைக்கிள் மிதிக்கிற மாதிரி இரண்டு கால்களையும் சுழற்றுவார். பூட்ஸ் ஆணிக்குப் பயந்து விலகுவார்கள். ஓடுவதோடு இதையும் பழக வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு.

1926-ஓடு லீக்கில் அவர் ஆட்டம் முடிந்தது. 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட அங்கே ஆடவில்லை. எழுத்தில் எந்த விதியும் கிடையாது. உரிமையாளர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். போலார்ட் சும்மா இருக்கவில்லை. கறுப்பின வீரர்களைக் கொண்டே அணி கட்டினார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிரவுன் பாம்பர்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே உழைத்தார் என்று நான் நம்புகிறேன்.

சாதித்த வீரர்களைக் கௌரவிக்கும் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மன்றம் 1954-இலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. தொழில்முறை ஆட்டத்துக்கான புகழ் மன்றத்தை 1963-இல் ஏக்ரனுக்குப் பக்கத்திலேயே, கேண்டனில் திறந்தார்கள். போலார்ட் 1986 வரை, 92 வயது வரை உயிரோடு இருந்தார். அவரைச் சேர்த்தது 2005-இல். 1922-இல் மில்வாக்கி அணியில் அவரோடு ஆடிய இன்னொரு கறுப்பின வீரர் டியூக் ஸ்லேட்டருக்கு இன்னும் மோசம். 1966-இல் இறந்துபோன அவருக்கு 2020-இல்தான் இடம் கொடுத்தார்கள்.