கேட்டுட்டு இறங்கினா என்ன குறைஞ்சு போயிடும்?

மழையில் கோடியக்கரைப் பக்கம் சதுப்புக்குள் காரை விட்டு மாட்டிக்கொண்டவர்கள், இழுத்துவிட்ட டிராக்டர்காரர் 2,000 ரூபாய் வாங்கிவிட்டார் என்று ஒரு ரீல் போட்டிருக்கிறார்கள். அந்த ரீலைப் பார்க்காதவர் என் நட்பு வட்டத்தில் யாரும் மிச்சமிருக்க வாய்ப்பில்லை. "உங்க ஊருதானே?" என்று சிரிப்பு பொம்மை போட்டு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆமாங்க, எங்க ஊர்தான். சேற்றில் புதைந்து நிற்கிற கார் எங்க ஊர்க் கார் இல்லை. டிராக்டர் பக்கத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு "பகல் கொள்ளை" என்று எழுதியிருக்கிறார்களே, அவர் எங்க ஊர். எனக்கு மாமா முறை. நடந்தது பகலும் இல்லை, ராத்திரி எட்டரை மணி.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகிற ரோடு உங்களில் பலருக்குத் தெரியும். அகஸ்தியம்பள்ளி தாண்டினால் அளம், சதுப்பு, அப்புறம் காடு. கோடையில் வந்து பார்த்தவர்களுக்கு அது வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் நிற்கும் இடம். ஐப்பசி கார்த்திகையில் அது வேறு ஊர். உப்பு வேலை நின்றிருக்கும். அதுவரைக்கும் வாரிக் குவித்ததைப் பனை மட்டையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருப்பார்கள். பாத்தி எது, வாய்க்கால் எது, சதுப்பு எது என்று பிரிக்க முடியாமல் ஒரே தண்ணீர்ப் பரப்பாகக் கிடக்கும். பார்க்கக் கணுக்கால் தண்ணீர். கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். செருப்பைக் கையால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி அதே மாதிரி தண்ணீர் இருக்கும், அடியில் மணல், ஜம்மென்று நடந்து போகலாம். எது எது என்று மேலிருந்து பார்த்து எவனாலும் சொல்ல முடியாது. அங்கேயே கிடக்கிறவனைக் கேட்டால்தான் தெரியும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள். வராதே என்று சொல்லவில்லை.

இந்த ரீல்காரர்கள் கேட்காமலே ஒருத்தர் தடுத்தும் இருக்கிறார். அளத்துக் கொட்டகையில் இருந்தவர், "தம்பி, வண்டிய உள்ள விடாதீங்க, அடியில களி" என்று கத்துவது அவர்கள் வீடியோவிலேயே கேட்கிறது. அதற்குப் பின்னணி இசை சேர்த்து, "லோக்கல் அங்கிள் டென்ஷன் ஆகுறார்" என்று எழுத்துப் போட்டிருக்கிறார்கள். எதற்காக உள்ளே விட்டார்கள்? பூநாரைக் கூட்டம் ஒன்றாக எழும்புகிற மாதிரி ஷாட் வேண்டுமாம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேடுகிற பறவையைக் காரை விட்டுக் கிளப்புவதற்குப் பெயர் இயற்கை ரசனை. 1967இல் சரணாலயம் ஆன காடு, 2002இல் ராம்சார் என்கிற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு என்றெல்லாம் ரீலின் முதல் பத்து நொடியில் அழகாகப் படித்தார்கள். படித்துவிட்டுத்தான் காரை விட்டார்கள்.

சரி, 2,000 ரூபாய்க்கு வருகிறேன். "ஆபத்தில் இருக்கிறவனிடம் காசு வாங்கலாமா, மனிதாபிமானம் இல்லையா?" என்று கமென்டில் நிறையப் பேர் கேட்கிறார்கள். மாமா வீடு கோடியக்காடு கிடையாது, இன்னும் உள்ளே. கொட்டுகிற மழையில், வாடை அடிக்க, சாப்பிட உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். சேற்றில் இறங்க கேஜ் வீல், அதாவது இரும்புக் கூண்டுச் சக்கரம் வேண்டும். அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓட்ட முடியாது. அதனால் சக்கரத்தைத் தனியாக ஏற்றிக்கொண்டு போய், அந்த இருட்டில் போன் வெளிச்சத்தில் மாட்டி, இழுத்து, கழற்றி, திரும்ப ஏற்றி வந்திருக்கிறார். கூட இரண்டு பையன்கள். டீசல் இருக்கிறது, பையன்கள் கூலி இருக்கிறது. உங்கள் ஊரில் ரோட்டில் நின்ற காரைத் தூக்கிப் போக வருகிற வண்டிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? ரசீது வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்கிறீர்கள் இல்லையா? ரசீது புத்தகம் இல்லாதவன் வாங்கினால் மட்டும் அது கொள்ளை!

"சுற்றுலா வந்தால்தானே உங்க ஊருக்கு வருமானம்?" இதைச் சொன்ன நண்பர் நல்ல மனுஷர், அக்கறையோடுதான் கேட்டார். உண்மைதான். டீக்கடைக்கு, ஆட்டோவுக்கு, மீன் விற்கிற அக்காக்களுக்கு நாலு காசு வரும். 2023இல் அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்டபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் இந்த ரீல்காரர்கள் மூன்று டீ குடித்தார்கள். அதையும் "செம சீப்" என்று போட்டிருந்தார்கள்.

"கடல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" இல்லை.

என் அப்பா பேச்சு வந்ததால் சொல்கிறேன். மழைக்காலத்தில்தான் கோடியக்கரையில் மீன் சீசன். வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். காலா, வாவல் எல்லாம் அப்போதுதான் நன்றாகப் படும். அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து, ஒரு பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்துவிட்டு, மீன் வாங்கக் கூட்டிப்போவார். திரும்புகிற வழியில் இராமர் பாதம். அந்த மேட்டில் ஏறி நின்றால் மழையில் கழுவிவிட்ட காடு சுற்றிலும் தெரியும். புல்வெளியில் வெளிமான் நிற்கும். ஆணுக்கு முதுகு கறுத்து, கொம்பு முறுக்கிக்கொண்டு இருக்கும். பையில் மீன் நாற்றம், சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்கும், இறங்கிப் போகவே மனசு வராது. மழையில் ஊர் சுற்றுகிற சுகம் எங்களுக்குத் தெரியாது என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் இதே மண்ணில் பிறந்த அந்த மனுஷன், ஒவ்வொரு தடவையும் அளத்துக்காரர்களிடம் சைக்கிளை நிறுத்தி, "அண்ணே, இந்தப் பக்கம் வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

கடலையே நம்பி வாழ்கிறவன், போகாதே என்றால் படகைக் கரையில் ஏற்றிவிட்டுப் பட்டினியாக உட்காருகிறான். ஆறுகாட்டுத்துறையில், புஷ்பவனத்தில் போய்ப் பாருங்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பது சந்தேகம், இருந்தும் கேட்கிறான். உங்களுக்கு ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கௌரவம் குறைந்துவிட்டது?

"ரெட் அலர்ட்ல த்ரில்லா இருக்கு மச்சி" என்று ஒரு பையன் அதில் கத்துகிறான். அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் எங்கள் தலைமேல்தான் ஏறிப்போனது. ஓடு ஒவ்வொன்றாகப் பிய்ந்து போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். விடிந்து பார்த்தால் மாமரம் வேரோடு, தென்னை பாதியில் முறிந்து. கொல்லைக்குள் நின்றுகொண்டே அடுத்த தெரு தெரிந்தது. இன்றைக்கும் ரேடியோவில் தாழ்வு நிலை என்றால் போதும், அம்மா ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்துவிடும். நாங்கள் யாரும் சிரிப்பதில்லை. உதவிக்கு எங்கெங்கிருந்தோ வந்தார்கள், அதை மறக்கமாட்டேன். அரிசி, பாய், கொசுவத்தி என்று லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போதும் சிலர் முறிந்த தென்னையில் கை வைத்துக்கொண்டு படம் எடுத்துப்போனார்கள். அப்போது எதுவும் சொல்லத் தெம்பில்லை.

"நீயும்தானே மழை போட்டோ போடுறே?" போடுவேன். என் வீட்டு வாசலில் நின்று போடுவேன்.

மாமா அந்த வீடியோவைப் பேத்தி போனில் பார்த்திருக்கிறார். "மாப்ள, கொள்ளைங்கிறாங்களே, நான் கேட்டது ஆயிரத்தைநூறு, அவங்களாத்தான ரெண்டாயிரம் குடுத்தாங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. இரண்டு நாளாகக் கடைத்தெரு பக்கம் வரவில்லையாம்.

இத்தனையும் ஊருக்காக எழுதியது போல இருக்கும். இல்லை. முன்பின் தெரியாதவன் போட்டிருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். சென்னையில் இருக்கிற என் மச்சானும் அதைப் பகிர்ந்து, "எங்க மாப்பிள்ளை ஊர்க்காரங்க பிசினஸ் மைண்டட்" என்று எழுதியிருக்கிறார். மச்சான், உங்கள் தங்கை கல்யாணத்துக்கு நீங்கள் வந்த வேன் தேத்தாக்குடிப் பக்கம் வாய்க்காலில் இறங்கியதே, அன்றைக்கு இழுத்துவிட்டது இதே டிராக்டர்தான். கல்யாண வீட்டு வண்டி என்று அவர் பைசா வாங்கவில்லை. முகம் உங்களுக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது. பொங்கலுக்குத் தாராளமாக வாருங்கள், பிள்ளைகளை மான் பார்க்க நானே கூட்டிப்போகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். உங்கள் தங்கையும் பார்த்துவிட்டாள்.