அந்த ஆணியை இறக்கி அடித்திருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தின் வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "இப்போதைய பெண்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கவிதை எழுதுகிறார்கள், கொஞ்சம் ஜன்னலையும் திறந்து பார்க்கலாம்" என்று அந்த மூத்த கவிஞர் சொன்னதும் அரங்கமே சிரித்ததே, அந்தச் சிரிப்பு மூன்று நாளாக என் காதை விட்டுப் போகவில்லை.

நாங்கள் எங்களைப் பற்றியே எழுதுகிறோமாம். சரி, கண்ணாடியைப் பற்றியே பேசுவோம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கண்ணாடி. அப்பா சவரம் செய்ய வசதியாக அவர் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியது. அம்மா எக்கி நின்றுதான் பொட்டு வைப்பாள். நெற்றியும் வகிடும் தெரியும், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆணியை அரை அடி இறக்கி அடிக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை, அம்மா கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருநெல்வேலி போனபோது கடையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிரே யாரோ வருகிறார்கள் என்று அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். வந்தது அவளேதான். அப்போது அவளுக்கு 47 வயது.

இதை நான் எழுதினால் அதற்குப் பெயர் தற்பெருமையா?

பெண் தன்னைப் பற்றி எழுதுவது புதுப்பழக்கமும் இல்லை. குறுந்தொகை 27ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் கொட்டிப்போகும் பசும்பால் போல, "எனக்கும் ஆகாது, என் ஐக்கும் (தலைவனுக்கும்) உதவாது" என் அழகைப் பிரிவில் படரும் பசலை நிறம் தின்கிறதே என்கிறார் சங்ககாலப் பெண் கவிஞர் வெள்ளிவீதியார். எனக்கு என்பதுதான் முதலில் வருகிறது, அவனுக்கு என்பது அப்புறம்தான். ஆண்டாளின் வாரணமாயிரத்தைக் கல்யாணத்தில் பாடுகிறோம், அதே நாச்சியார் திருமொழியில் அவள் தன் உடலைப் பற்றிப் பாடிய மற்றப் பாட்டுகளை வாய்விட்டுப் படிக்கத் தயங்குகிறோம்.

ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். திருச்சிப் பக்கம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவைப் பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கழிப்பறையில் ஒளிந்து, வேறு பெயரில் எழுதினார். அந்த ஜன்னலைச் சாத்தியது யார்? 2002இல் கவிஞர் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு என்னென்ன ஏச்சுக் கேட்டார் என்பது இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து தலித் கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளை எடுத்தபோது அதில் 'என்னுடல்' இருந்தது. கண்ணாடி பார்க்கிற கவிதை அவ்வளவு அற்பமானது என்றால் அதை எடுக்க ஏன் இத்தனை பாடு? தீட்டு என்று ஒதுக்கப்பட்ட உடலை ஒருத்தி என்னுடையது என்று சொல்வது ஜன்னலுக்கு வெளியே நடக்கிற விஷயம்தான் ஐயா.

"பெரியவர், ஏதோ நகைச்சுவையாகச் சொன்னார்" என்று நேற்றிலிருந்து பத்துப் பேராவது சொல்லிவிட்டீர்கள். பெரியவர் என்பதால்தான் வலிக்கிறது. அவர் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தவள் நான்.

"நான் தீ, நான் புயல் என்று எழுதுவதெல்லாம் கவிதையா" என்று இன்னொரு கேள்வி. நிறைய வரிகள் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அலுக்கிறது. ஆனால் ஐம்பது வருடமாக நிலாவையும் அவள் கூந்தலையும் எழுதிய சுமாரான ஆண் கவிதைகளுக்காக யாராவது மைக் பிடித்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார்களா? தன்னைப் பிடிக்கும் என்று ஒரு பெண் தட்டுத்தடுமாறி எழுதும் முதல் வரிதானே உங்களை உறுத்துகிறது? அவள் எழுதட்டும். மோசமாகவே எழுதட்டும்.

அவர் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன். முன்வரிசையில் கைதட்டியவர்களில் என் தோழிகள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருத்தி ராத்திரி போன் செய்து, "விடுடி, இதையெல்லாம் பெரிசு பண்ணாதே" என்றாள். பத்து வருடமாக என் கவிதைகளை முதலில் படிப்பவள் அவள். நானும் அந்த நேரத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நன்றியுரை சொல்ல என்னைக் கேட்டிருக்கிறார்கள். வரவேற்புரையும் நன்றியுரையும்தான் எப்போதும் பெண்களான எங்களுக்கு. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.