இடது மூளை, வலது மூளை: ஒரு திருத்தம்

"இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்கு, பேச்சில் வலதுக்கு வேலையே இல்லை" என்று சிலர் சொல்வது சரியன்று. 'டான்' என்ற ஓரசைக்கு மேல் பெரும்பாலும் பேச இயலாதிருந்த ஒரு நோயாளியின் மூளையை 1861-இல் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, இடது நெற்றி மடலில் (நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியில்) சிதைவைக் கண்டார் என்பதும், வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழித்திறன் இடப்பக்கமே ஓங்கியிருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஓங்கியிருப்பது வேறு, தனியுரிமை வேறு. வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலர் இலக்கணப் பிழையின்றிப் பேசுவார்கள். எனினும் அவர்கள் குரலில் ஏற்ற இறக்கம் இராது, "நன்றாகத்தான் செய்தாய் போ" என்பது பாராட்டா கேலியா என்று பிரித்தறியவும் தடுமாறுவார்கள். கணக்கும் இடப்பக்கத்தின் தனிச்சொத்தன்று. இரண்டு அளவுகளில் எது பெரிது என்று மதிப்பிடும்போது உச்சந்தலைக்குக் கீழே இரு பக்கத்திலும் உள்ள மடல்கள் சேர்ந்தே இயங்குகின்றன.