பிப்பியோடு நின்றுவிட வேண்டாம்

ஸ்வீடன் சிறார் இலக்கியம் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை, ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதிய பிப்பி என்ற குறும்புக்காரச் சிறுமியின் கதையிலேயே தொடங்கி பிப்பியிலேயே முடிந்துவிட்டது. பிப்பி எனக்கும் உயிர்தான். ஆனால் அது 1945இல் வந்த புத்தகம். அதற்கப்புறம் எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்!

ஏவா லிண்ட்ஸ்ட்ரோமைக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். 2022இல் சிறார் இலக்கியத்துக்கான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் நினைவு விருது பெற்றவர், எழுத்தும் ஓவியமும் அவரே. அவருடைய ஒரு படக்கதையில் ஃபிராங்க் என்ற பையனை மற்றவர்கள் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பாத்திரத்துக்குள் அழுகிறான். அந்தக் கண்ணீரில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி மார்மலேட் செய்கிறான். பிறகு ரொட்டியும் டீயும் எடுத்துவைத்து, ஒதுக்கியவர்களையே சாப்பிடக் கூப்பிடுகிறான். அறிவுரை ஒரு வரிகூடக் கிடையாது. ஆங்கிலத்தில் இருந்ததை என் ஏழு வயது மகளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். அந்தக் கண்ணீர்ப் பாத்திரம் வரும் பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. "உப்புக் கரிக்காதாப்பா?" என்று கேட்டாள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு யாக்கோப் வெகேலியுஸ். அவருடைய நாயகி சாலி ஜோன்ஸ் ஒரு கொரில்லா, கப்பல் இயந்திரம் பார்ப்பவள். பேச வராது, ஆனால் தட்டச்சு செய்வாள். கொலைப்பழி சுமந்து சிறையில் கிடக்கும் நண்பனுக்காக லிஸ்பனிலிருந்து இந்தியா வரை அலைகிறாள். 2014இல் ஸ்வீடனின் ஆகஸ்ட் இலக்கியப் பரிசு பெற்ற நாவல் அது. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், படங்களும் அவர் வரைந்தவைதான்.

இவற்றை நேரடியாக ஸ்வீடிஷிலிருந்தே யாராவது தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். பதிப்பாளர்கள் கவனிப்பார்களா?