கைதட்டுவதற்கு முன்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைக் குருவாக்கும் குருப்பட்ட வழிபாட்டில் பலருடைய மனத்திலும் தங்குபவை, குருப்பட்டத்துக்கு முந்தைய நிலையிலுள்ள திருத்தொண்டர் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்கப் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடப்படுவதும், ஆயரைத் தொடர்ந்து குருக்கள் ஒவ்வொருவராக வந்து அவர் தலைமேல் கைகளை வைப்பதும்தான். அதற்கு முன்பே, மறையுரைக்கும் முன்னால், அரை நிமிடத்தில் முடிந்துபோகும் ஓர் உரையாடல் இருக்கிறது. இவர் தகுதியுள்ளவர் என்று அறிவீரா என ஆயர் வினவுகிறார். இறைமக்களிடம் விசாரித்தும் பொறுப்பாளர்களின் பரிந்துரையைப் பெற்றும் அவ்வாறே கண்டறிந்ததாக, அவரை முன்னிறுத்தும் குரு சான்று பகர்கிறார். நாம் கைதட்டுகிறோம்.

எந்த மக்களிடம் விசாரித்தார்கள் என்பதே என் கேள்வி. 1968இல் சடங்குமுறை திருத்தப்படும் வரை ஆயர் மக்களை நோக்கியே பேசினார்: கப்பலைச் செலுத்துபவருக்கும் அதில் செல்பவர்களுக்கும் பாதுகாப்பும் அச்சமும் பொதுவானவை, ஆகவே இவர்களைப் பற்றிக் குறை அறிந்தவர் கடவுளின் பொருட்டுத் துணிந்து முன்வந்து சொல்லட்டும் என்றார். (இலத்தீனில் கேட்கப்பட்ட அது நம் பாட்டிமாருக்கு விளங்கியிருக்காது என்பது வேறு கதை.) இன்றைய திருச்சபைச் சட்டமும் மக்களை விட்டுவிடவில்லை. திருநிலைப்பாட்டுக்கு, அதாவது ஒருவர் பட்டம் பெறுவதற்கு, தடை எதையேனும் அறிந்த விசுவாசிகள் அதை ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 1043ஆம் எண். குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தின் அதிபர் தரும் சான்றோடு நில்லாமல், பொது அறிவிப்பு உள்ளிட்ட பிற வழிகளிலும் ஆயர் விசாரிக்கலாம் என்கிறது 1051ஆம் எண்.

திருமணத்துக்கு மூன்று முறை ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்கும் நாம், வாழ்நாள் முழுவதும் பாவசங்கீர்த்தனம் கேட்கப்போகிறவரைப் பற்றி, அவருடைய சொந்தப் பங்கில் ஓர் அறிவிப்பை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. சிறு வயதிலேயே குருமடம் சென்றவரை ஊர் பெரும்பாலும் விடுமுறைகளில் மட்டுமே பார்த்திருக்கும். அவர் பெண்களிடமும் சிறுவர்களிடமும் ஏழைகளிடமும் எப்படி நடந்துகொண்டார் என்பது அவர் பயிற்சி பெற்ற பங்குகளின் உபதேசியாருக்கும், சமையல் செய்த அம்மாவுக்கும், மறைக்கல்வி கற்பித்த அருட்சகோதரிக்கும்தான் தெரியும்.

இவர்களிடமும் கேட்டால் பொறாமையும் பொய்யும் வந்து சேரும், நம் மறைமாவட்டங்களில் சாதியும் தலைநீட்டும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் நான் வாக்கெடுப்பைக் கேட்கவில்லை. கையொப்பமிட்ட கடிதம் ஆயரிடம் நேரடியாகச் செல்லட்டும். உண்மையைச் சோதித்து அறிவது அவர் பொறுப்பு. திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் இடையே குறைந்தது 6 மாதமேனும் இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்வதால், அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் இதைச் செய்து முடிக்கக் காலம் தாராளமாக உண்டு.